கார்பன் ஃபிரேமில் விரிசல்: வாரன்டியா, ரிப்பேரா, நுகர்வோர் ஆணையமா?

சைக்கிளின் கார்பன் ஃபிரேமில், அதாவது கார்பன் இழைகளை அடுக்கி ஒட்டிச் செய்த உடற்சட்டத்தில், விரிசல் தெரிந்ததும் நமக்கு முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. தயாரிப்பாளரிடம் வாரன்டி கேட்கலாம். வாரன்டி கிடைக்காது என்றால், அவர்களே தள்ளுபடி விலையில் தரும் மாற்று ஃபிரேமை வாங்கலாம். ரிப்பேர் செய்யலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். சென்னையில் சைக்கிள் ஓட்டுகிற நண்பர்கள் இதைப் பற்றிப் பேசும்போது நான்கையும் ஒரே வரிசையில் வைத்து, எது மலிவு, எது சீக்கிரம் முடியும் என்று கணக்குப் போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு வழியில் காலெடுத்து வைத்தால் இன்னொரு வழி அடைபட்டுவிடும். வெளியே ரிப்பேர் செய்துவிட்ட ஃபிரேமைத் தயாரிப்பாளர் வாரன்டியில் எடுத்துக்கொள்ள மாட்டார். தள்ளுபடி ஃபிரேமை வாங்கிக்கொண்டு பழையதைக் கொடுத்துவிட்டால், ஆணையத்தில் காட்ட நம் கையில் சான்று இருக்காது. ஆகவே எதை முதலில் செய்வது என்பதை வைத்துத்தான் இவற்றை ஒப்பிட வேண்டும்.

முதலில் அது விரிசல்தானா என்று பார்க்க வேண்டும். கார்பன் ஃபிரேமில் சில இடங்களில் அலுமினியத் துண்டுகளைப் பதித்திருப்பார்கள். வெயிலில் இரண்டும் ஒரே அளவு விரிவதில்லை. அதனால் அந்த இணைப்பில் பெயின்ட் மட்டும் மயிரிழை போலப் பிளந்து நிற்பது உண்டு. சீட் கம்பியை இறுக்கிப் பிடிக்கும் சீட் கிளாம்ப்பைச் சுற்றியும் இப்படிக் கோடு விழும். உள்ளே இழையும் பிரிந்திருக்கிறதா என்பதைக் கண்ணால் மட்டும் சொல்ல முடியாது. நாணயத்தால் தட்டிப் பார்ப்பது பழைய வழி. நல்ல இடத்தில் சத்தம் தெளிவாக இருக்கும். அடுக்குகள் பிரிந்த இடத்தில் மந்தமாகக் கேட்கும். ஃபிரேமின் தடிமன் இடத்துக்கு இடம் மாறுவதால் சத்தமும் மாறும். எனவே இடது சீட் ஸ்டேயில் (பின்சக்கர அச்சிலிருந்து சீட் பக்கம் ஏறும் குழாய்) சந்தேகம் என்றால் வலது சீட் ஸ்டேயில் அதே உயரத்தில் தட்டி ஒப்பிட்டுப் பாருங்கள். சந்தேகம் தீரும்வரை அந்தச் சைக்கிளை ஓட்ட வேண்டாம். கார்பன் வளைந்து எச்சரிக்கை தராமல் திடீரென்று உடையக்கூடிய பொருள். பெயின்ட்டைச் சுரண்டிப் பார்க்கவும் வேண்டாம். சுரண்டிய தடம் பிறகு உங்களுக்கு எதிராகப் பேசும். நல்ல வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுத்து, தேதியோடு சேமித்துவைத்தால் போதும்.

கடைக்குப் போனதும் வரும் முதல் கேள்வி, “சார், எங்கயாவது விழுந்தீங்களா?” என்பதுதான். உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. அடிபட்ட இடத்தில் விரிசல் ஒரு புள்ளியைச் சுற்றி இருக்கும், பெயின்ட் நசுங்கியிருக்கும், ஹேண்டில்பாரிலோ பெடலிலோ உரசல் இருக்கும். தயாரிப்பில் இழைகளைச் சரியாக அடுக்காமல் விட்ட குறை என்றால் டியூபுகள் சேரும் மூட்டிலோ, பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டைச் சுற்றியோ, பதித்த உலோகம் கழன்றோ வெளிப்படும். வாரன்டி பிரிவில் இருப்பவர்கள் இதைத் தினமும் பார்க்கிறவர்கள். விழுந்ததை மறைத்து ஒருமுறை மாட்டிக்கொண்டால், அடுத்து நாம் சொல்லும் எதையும் நம்ப மாட்டார்கள். தள்ளுபடியும் கைநழுவிப் போகலாம்.

வாரன்டி

விளம்பரத்தில் பெரிதாகத் தெரிவது ஆண்டுக் கணக்குதான். ட்ரெக், ஸ்பெஷலைஸ்டு, ஜெயன்ட், கேனன்டேல் ஆகியவை ஃபிரேமுக்கு ஆயுட்கால வாரன்டி தருகின்றன. கேன்யன் 6 ஆண்டு என்று சொல்லி வந்திருக்கிறது. ஸ்காட் 5 ஆண்டு தருகிறது, ஆனால் ஆண்டுதோறும் சர்வீஸ் செய்திருக்க வேண்டும். செய்யாவிட்டால் 3 ஆண்டுதான். இந்த விதிகள் மாடலுக்கு மாடல், ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் உங்கள் சைக்கிளோடு வந்த புத்தகத்தில் இருப்பதையே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆயுட்காலம் என்றால் முதலில் வாங்கியவர் கையில் சைக்கிள் இருக்கும்வரை என்பதே பெரும்பாலும் நிபந்தனை. விற்றுவிட்டால் முடிந்தது. செகண்ட் ஹேண்டில் கார்பன் வாங்குகிறவர்கள் இதை விலையில் கழித்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் அண்ணனோ சிங்கப்பூரில் இருக்கும் மாமாவோ வாங்கிக்கொண்டு வந்த சைக்கிளிலும் இதே சிக்கல்தான். பில்லில் அவர் பெயர் இருந்தால் வாரன்டி அவருக்கு. வாங்கும்போதே பில்லை உங்கள் பெயரில் போடச் சொல்லுங்கள். அந்த பிராண்டின் இந்திய டீலர் வெளிநாட்டில் வாங்கியதைக் கவனிப்பாரா என்றும் முன்பே மின்னஞ்சலில் கேட்டுவையுங்கள்.

என் பார்வையில் ஆண்டுக் கணக்கைவிட முக்கியமானது, சென்னையில் உங்களுக்காக அந்தக் கோரிக்கையை அனுப்பப்போகும் கடைக்காரர். வாரன்டி கேட்பது நாம், ஆனால் படம் எடுத்து, ஃபிரேம் எண்ணைச் சேர்த்து, இறக்குமதியாளருக்கு அனுப்பி, பதில் வராதபோது திரும்பத் திரும்ப நினைவூட்டுவது டீலர். அவருக்கு அக்கறை இருந்தால் வேலை நடக்கும். நம் ஊரில் ஒரு பிராண்டின் டீலர்ஷிப் கைமாறுவதும் இறக்குமதியாளர் மாறுவதும் அபூர்வம் இல்லை. அப்படி மாறும்போது பழைய வாடிக்கையாளர் நடுத்தெருவில் நிற்கக் கூடாது என்றால் காகிதம் நம் கையில் இருக்க வேண்டும். பாட்டம் பிராக்கெட்டின் அடியில் பொறித்திருக்கும் எண்ணைக் குறிப்பிட்ட ஜிஎஸ்டி பில், தயாரிப்பாளர் தளத்தில் பதிவு செய்ததற்கான மின்னஞ்சல், ஒவ்வொரு சர்வீஸ் பில்லும் பத்திரமாக இருக்கட்டும்.

சர்வீஸ் பில் நமக்குக் கூடுதலாகத் தேவைப்படுவதற்குக் காரணம் கடல். திருவான்மியூரிலிருந்து கோவளம் தாண்டி மாமல்லபுரம் வரை ஈசிஆர்தான் நம் ஊர் சைக்கிள்காரர்களின் மைதானம். கார்பன் மின்சாரம் கடத்தும். அதோடு அலுமினியம் ஒட்டியிருந்து, நடுவில் உப்புக் காற்றின் ஈரமோ வியர்வையோ சேர்ந்தால் அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைப் பொடி தள்ளும். சீட்டைத் தாங்கும் கம்பியான சீட் போஸ்ட் ஃபிரேமுக்கு உள்ளேயே இறுகிக்கொள்ளும், பதித்த உலோகத்தின் பிணைப்பு தளரும். இதைத் தடுக்கத் தயாரிப்பாளர்கள் நடுவில் கண்ணாடி இழை அடுக்கு வைப்பதும், அலுமினியத்துக்கு ஆனோடைஸ் பூச்சு கொடுப்பதும் உண்டு. இருந்தாலும் அரிப்பு என்று சொல்லிவிட்டால் பல வாரன்டிகளில் கதவு அடைபட்டுவிடும். சீட் போஸ்ட்டை அவ்வப்போது கழற்றித் துடைத்து, வழுக்காமல் பிடிக்க உதவும் கார்பன் பேஸ்ட் தடவி, கிளாம்ப்பில் எழுதியிருக்கும் நியூட்டன் மீட்டர் அளவுக்கு, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் முடுக்குவது பத்து நிமிட வேலை. பல கிளாம்ப்களில் 5 என்று எழுதியிருக்கும். கைக்கணக்கில் முடுக்கி நசுங்கிய சீட் டியூபுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் டர்போ டிரெய்னரில் பொருத்தி வீட்டுக்குள் ஓட்டுகிறவர்களும் புத்தகத்தைப் பார்த்துவிடுங்கள். சில தயாரிப்பாளர்கள் அதை அனுமதிக்கிறார்கள், சிலர் கூடாது என்கிறார்கள், சிலர் குறிப்பிட்ட வகை டிரெய்னரை மட்டும் ஏற்கிறார்கள். அனுமதி இருந்தாலும் நம் ஊர்ப் புழுக்கத்தில் ஃபிரேமின் மேல் குழாயான டாப் டியூபிலும், ஹேண்டில்பாருக்குக் கீழே இருக்கும் ஹெட்செட் பேரிங்கிலும் வடியும் வியர்வை வேறு கணக்கு. ஒரு துண்டைப் போட்டுவிட்டு ஓட்டுங்கள். டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் கீழ்த்தளத்தில் மூழ்கிய சைக்கிள்களுக்கும் வாரன்டி உதவாது. கார்பனுக்குத் தண்ணீரால் பெரிய கேடில்லை, பேரிங்கும் உலோகப் பாகங்களும்தான் போகும். வீட்டுப் பொருள் காப்பீடு இருந்தால் அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

வாரன்டி ஏற்கப்பட்டாலும் செலவே இல்லை என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான வாரன்டிகள் ஃபிரேமை மட்டும் தரும். பாகங்களைக் கழற்றி மாட்டும் கூலியும், சில சமயம் அனுப்பும் செலவும் நம்முடையது. வெளிநாட்டிலிருந்து நேராக உங்கள் பெயருக்கு கூரியரில் வந்தால், இலவச மாற்று என்றாலும் அதன் மதிப்பைக் கணக்கிட்டுச் சுங்க வரி கேட்கக்கூடும். இறக்குமதியாளர் வழியாக வருவது இதனால்தான் நிம்மதி.

இதைவிடப் பெரிய செலவு ஒன்று உண்டு. உங்கள் மாடல் தயாரிப்பில் இல்லையென்றால் அதற்கு இணையான இப்போதைய மாடலைத் தருவார்கள். சக்கர வளையத்தைப் பிடித்து நிறுத்தும் பழைய ரிம் பிரேக் ஃபிரேமுக்கு மாற்றாக டிஸ்க் பிரேக் ஃபிரேம் வந்தால் உங்கள் சக்கரங்கள், பிரேக், பெரும்பாலும் கியர் மாற்றும் ஷிஃப்டர்கூடப் பொருந்தாது. பாட்டம் பிராக்கெட் வகையும் மாறியிருக்கலாம், சீட் போஸ்ட் வடிவமும் மாறியிருக்கலாம். ‘இலவச’ ஃபிரேமை ஓட்டும் நிலைக்குக் கொண்டுவர ஒரு புதிய அலுமினிய சைக்கிளின் விலை ஆகிவிடும். ரிம் பிரேக் சைக்கிள் வைத்திருப்பவர்கள் வாரன்டியையும் ரிப்பேரையும் ஒப்பிடும்போது இந்தத் தொகையைச் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தள்ளுபடி மாற்று

விழுந்து உடைந்தது, நம் தவறுதான் என்னும்போது இது கைகொடுக்கும். ட்ரெக் இதற்குக் கார்பன் கேர் என்று பெயர் வைத்திருக்கிறது. வேறு பல பிராண்டுகளிலும் இப்படியொரு ஏற்பாடு உண்டு. முதல் உரிமையாளராக இருக்க வேண்டும், உடைந்ததை ஒப்படைக்க வேண்டும் என்பவை வழக்கமான நிபந்தனைகள். தள்ளுபடி எவ்வளவு என்பதை இந்திய விலையில், வரியோடு சேர்த்து எழுத்தில் வாங்குங்கள். அசல் விலையில் பாதிக்கு மேல் கேட்டால், அதே பணத்துக்கு நல்ல அலுமினிய ஃபிரேமோ ஸ்டீல் ஃபிரேமோ வாங்குவதையும் யோசித்துப் பார்க்கலாம். முட்டுக்காடு வரை காலையில் போய்வருகிறவருக்கு அதில் குறையொன்றும் இருக்காது.

ரிப்பேர்

கார்பனை ரிப்பேர் செய்ய முடியும். விமானப் பாகங்களையே செய்கிறார்கள். சேதமான அடுக்குகளைப் படிப்படியாகச் சரிவாகத் தேய்த்து எடுத்து, ஒவ்வொரு அடுக்கும் இருந்த அதே திசையில் புதிய இழைகளை எபாக்ஸி என்ற ரெசின் பசையோடு பதித்து, காற்றை உறிஞ்சி அழுத்தி, சரியான வெப்பத்தில் இறுகவிட வேண்டும். பாய் முடைகிறவர் கோரையின் திசையை மாற்றினால் பாய் நிற்காது. கார்பனும் அப்படித்தான், பலம் முழுவதும் இழை ஓடும் திசையில் இருக்கிறது.

இதைச் சரியாகச் செய்கிறவர்கள் நம் ஊரில் மிகக் குறைவு. காசிமேட்டிலும் கோவளத்திலும் ஃபைபர் படகு பார்க்கிறவர்களிடமோ கார் பம்பர் ஒட்டுகிறவரிடமோ சைக்கிளைக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தொழிலில் கெட்டிக்காரர்கள், ஆனால் அந்தத் தொழிலில் புழங்குவது பெரும்பாலும் கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் ரெசினும். இறுகிய எபாக்ஸி மேல் பாலியெஸ்டர் நன்றாகப் பிடிக்காது. மேலே பெயின்ட் அடித்தால் பார்க்கப் புதிதாகவே இருக்கும், பிடிப்பு இருக்காது. இறக்கத்தில் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒருவரின் உயிர் அந்தப் பிடிப்பில்தான் இருக்கிறது.

ரிப்பேர் செய்பவரிடம் எத்தனை அடுக்கு, எந்தத் திசை, எந்த ரெசின், எப்படி இறுக்குகிறீர்கள், வேலைக்கு எழுத்தில் வாரன்டி உண்டா என்று கேளுங்கள். நல்ல வேலைக்காரர் இந்தக் கேள்விகளுக்குச் சந்தோஷமாகப் பதில் சொல்வார். டாப் டியூபின் நடுப்பகுதி, சீட் ஸ்டே, பெடல் அச்சிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் செயின் ஸ்டேயின் நேரான பகுதி ஆகியவை ரிப்பேருக்கு ஏற்றவை. முன்பக்க ஹெட் டியூப் மூட்டு, பாட்டம் பிராக்கெட் கூடு, சக்கர அச்சு உட்காரும் டிராப் அவுட் ஆகியவை கடினம். அங்கே விரிசல் என்றால் நான் ரிப்பேரைப் பரிந்துரைக்க மாட்டேன். முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் மேல் தண்டான ஸ்டியரர், ஹேண்டில்பார், சீட் போஸ்ட் மூன்றையும் ஒட்டிப் பயன்படுத்தவே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

வாரன்டி கேட்டு எழுத்தில் ‘இல்லை’ என்று பதில் வந்த பிறகே ரிப்பேருக்குக் கொடுக்க வேண்டும் என்பதை இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன்.

ஆணையம்

2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, வாரன்டி அட்டையில் இல்லாத சில வசதிகளை நமக்குத் தருகிறது. ‘வழக்கு என்றால் இன்ன ஊர் நீதிமன்றத்தில் மட்டும்’ என்று பில்லின் பின்னால் அச்சடித்திருந்தாலும், நாம் வசிக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்தில், அதாவது சென்னையிலேயே, புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பணம் கொடுத்து வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான். அப்பா பெயரில் பில் இருந்து மகள் ஓட்டுகிறாள் என்றால் தயாரிப்பாளரின் நிபந்தனையில் அது இடறலாம், சட்டத்தில் அப்படி இடறாது.

ஆனால் காலக்கெடு இருக்கிறது. புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு. வாரன்டி ஆயுட்காலம் என்பதால் இந்தக் கடிகாரம் நிற்காது. ‘மேலிடத்தில் கேட்டிருக்கிறோம்’ என்று டீலர் சொல்லிக்கொண்டிருக்கும் மாதங்களும் பொதுவாக இதில் ஓடிவிடும். அதனால் முதல் நாளிலிருந்தே எல்லாவற்றையும் மின்னஞ்சலில் வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் பேசினாலும், பேசியதைச் சுருக்கி அன்றைக்கே ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.

ஆணையத்தின் பலவீனம் நேரம். பரிசோதனை தேவைப்படாத புகாரை 3 மாதத்திலும், தேவைப்படுவதை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைத் தாண்டித்தான் போகிறது. கார்பன் விரிசலில் குறை தயாரிப்பிலா, பயன்பாட்டிலா என்ற கேள்வி வந்தே தீரும். அப்போது ஆணையம் பொருளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பலாம், அந்தச் செலவை நம்மைக் கட்டச் சொல்லலாம். அதுவரை ஃபிரேமைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். இரண்டு லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய புது சைக்கிள், விழவே இல்லை, மறுத்த காரணம் ஒரு வரியில் இருக்கிறது என்றால் நான் நிச்சயம் போகச் சொல்வேன். பழைய சைக்கிளுக்கு அவ்வளவு நாள் காத்திருப்பது பலருக்கும் கட்டுப்படியாகாது.

அதற்கு முன்பு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, தமிழிலும் பேசலாம். அவர்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். தீர்ப்பு சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை என்றாலும், கிடப்பில் போட்டிருந்த கோரிக்கை மறுபடி நகர இது உதவும்.

விமானத்தில் கொண்டுபோய் உடைந்திருந்தால் இந்த நான்கும் வேண்டாம், விமான நிறுவனத்தைத்தான் கேட்க வேண்டும். விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே பெட்டியைத் திறந்து பார்த்து அங்கேயே பதிவு செய்யுங்கள். சர்வதேசப் பயணம் என்றால் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுத்தாக வேண்டும்.

சரி, யார் எதை எடுப்பது? முதல் உரிமையாளர், விழவில்லை, விரிசல் மூட்டில் என்றால் வாரன்டி. மறுத்தால் 1915, அப்புறம் ஆணையம். முதல் உரிமையாளர், விழுந்தது உண்மை என்றால் தள்ளுபடி விலையையும் ரிப்பேர் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விரிசல் டியூபின் நடுவில் இருந்து, வேலைக்காரரும் நல்லவராகக் கிடைத்தால் நான் ரிப்பேர் பக்கம் சாய்வேன். செகண்ட் ஹேண்ட் என்றால் பெரும்பாலும் ரிப்பேர், அல்லது உலோக ஃபிரேமுக்கு மாறுவது. பழைய ரிம் பிரேக் சைக்கிளுக்கு வாரன்டி ஒப்புக்கொள்ளப்பட்டால், பதிலுக்கு என்ன மாடல், என்ன அளவு, எந்த பிரேக், எந்த பாட்டம் பிராக்கெட், புதியதன் வாரன்டி எந்த நாளிலிருந்து என்பதை எழுத்தில் வாங்குங்கள். பழைய ஃபிரேமை ஒப்படைக்கச் சொல்வார்கள், சில சமயம் அறுத்துப் படம் அனுப்பச் சொல்வார்கள். அந்த எழுத்து கைக்கு வரும்வரை ஃபிரேமை அறுக்கவோ கொடுக்கவோ வேண்டாம்.